கேட்டால் மட்டும் கிடைக்கும் பத்து நிமிஷம்

கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளை வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்று. ஏதோ ஜியாமெட்ரி பாடம் போலிருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் புகை. வளையம் மெல்லச் சாய்ந்து நிமிரும்போதுதான், இவ்வளவு நேரம் நாம் ஒரு தொப்பியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரிகிறது. தொப்பிக்குக் கீழே தூக்கம் கலையாத ஒரு முகம். அப்புறம் சாக்ஸபோன். லெஸ்டர் யங்.

படத்தின் பெயர் 'ஜாமின் தி ப்ளூஸ்'. 1944-ல் வார்னர் பிரதர்ஸ் தயாரித்தது. மொத்தமே பத்து நிமிஷம். 'லைஃப்' பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்த ஜான் மிலி இயக்கினார். கேமரா ராபர்ட் பர்க்ஸ். பின்னாளில் ஹிட்ச்காக்குக்கு 'ரியர் விண்டோ', 'வெர்ட்டிகோ' எல்லாம் எடுத்துக்கொடுத்தவர். கதை கிடையாது. ஆரம்பத்தில் ஒரு குரல் வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் வாசிப்பு, ஒரு பாட்டு, ஒரு நடனம், முடிந்தது. ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது. 1995-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. இதைப் பார்க்க அன்றைக்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. எல்லோரும் வாங்கியது வேறு ஏதோ ஒரு முழுநீளப் படத்துக்கு. இது இலவச இணைப்பு.

நம் ஊர் தியேட்டர்களில் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ஓடிய காலம் ஞாபகம் இருக்கிறதா? பீகார் வெள்ளம், பிரதமர் அடிக்கல், கோதுமை அறுவடை. அது ஓடி முடிகிற நேரம் பார்த்து முறுக்கோடு உள்ளே நுழைகிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள். அமெரிக்காவில் அந்த இடத்தில் செய்திப்படம், கார்ட்டூன், கூடவே ஒரு இசைக் குறும்படம் என்று ஒரு முழுச் சாப்பாடே இருந்தது. 1926-லிருந்து 1940-கள் வரை இந்த மாதிரி பாட்டுத் துணுக்குகளை ஸ்டூடியோக்கள் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளின. பொரியல் மாதிரி. யாரும் பொரியலுக்காக ஹோட்டலுக்குப் போவதில்லை.

அந்தப் பொரியலை மட்டும் தனியாக, அதுவும் ஆர்டர் கொடுத்த பிறகு சுடச்சுடச் செய்து தரும் ஒரு ஏற்பாடு 2009-ல் வந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1926 ஆகஸ்ட் 6. நியூயார்க்கில் வார்னர்ஸ் தியேட்டரில் 'டான் யுவான்' ரிலீஸ். படத்தில் வசனம் இல்லை. இசையும் ஓசைகளும் மட்டும் ஒலித்தட்டில். அதற்கு முன்னால் சில துணுக்குகளைப் போட்டார்கள். அதில் ஜியோவானி மார்ட்டினெல்லி என்ற ஆபரா பாடகர் கோமாளி வேஷத்தில் வந்து பாட, தியேட்டர் அதிர்ந்துபோனது. படத்தின் ஹீரோ ஜான் பாரிமோர், பாவம், திரையில் எத்தனையோ முத்தம் கொடுத்தும் அந்தக் கைதட்டலை வாங்க முடியவில்லை. பேசும் படம் என்று நாம் சொல்வது முதலில் பாடும் துணுக்காகத்தான் பிறந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு வைட்டாஃபோன் என்று பெயர். ஒலி ஃபிலிமில் இருக்காது. பதினாறு அங்குல இசைத்தட்டில் இருக்கும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. புரொஜெக்டரையும் தட்டையும் ஒரே மோட்டார் ஓட்டும். நம் வீட்டு கிராமஃபோன் தட்டு மாதிரி வெளியிலிருந்து உள்ளே போகாது. ஊசி நடுவில் ஆரம்பித்து வெளியே வரும். உள்வட்டத்தில் ஒலியைத் தெளிவாக எடுப்பது கஷ்டம் என்பதால், ஊசி கூர்மையாக இருக்கும்போதே அந்த இடத்தை முடித்துவிடுகிற புத்திசாலித்தனம். ஒரு தட்டு ஏறக்குறைய இருபது தடவை ஓடலாம். தட்டின் லேபிளிலேயே கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். ஆபரேட்டர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கட்டத்தில் கோடு போட வேண்டும். ஃபிலிம் நடுவில் அறுந்தால் அதே நீளத்துக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பாடகர் வாய் மூடிய பிறகும் பாட்டு வரும்.

1930 வாக்கில் ஒலியை ஃபிலிமிலேயே பதிக்கும் முறை ஜெயித்துவிட்டது. தட்டுகள் வேண்டாத பொருளாயின. ஃபிலிம் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். ஃபிலிம் சுருள் ஆவணக் காப்பகத்தில் ஊமையாகக் கிடக்கும். அதன் குரல் எங்கோ ஒரு பழைய ஆபரேட்டர் வீட்டு நிலவறையில், படமில்லாமல், கிடக்கும். விவாகரத்தான தம்பதி மாதிரி.

இவர்களைச் சேர்த்துவைக்க 1991-ல் ஐந்து பேர் கிளம்பினார்கள். ரான் ஹட்சின்சன் அவர்களில் முக்கியமானவர், 2019-ல் காலமானார். ஸ்டூடியோ ஆட்கள் இல்லை, பழைய இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியங்கள். வைட்டாஃபோன் ப்ராஜெக்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு, யாரிடம் எந்தத் தட்டு இருக்கிறது, எந்தக் காப்பகத்தில் அதற்கான ஃபிலிம் இருக்கிறது என்று ஜாதகம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் தட்டுகள் அகப்பட்டன. அல் ஜால்சன் நடித்த 'எ ப்ளாண்டேஷன் ஆக்ட்' என்ற 1926-ம் வருஷத் துணுக்கு தொலைந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். ஃபிலிம் கிடைத்தது. தட்டு? உடைந்து, பசை போட்டு ஒட்டிய நிலையில் ஒன்று இருந்தது. ஒட்டின இடமெல்லாம் 'டக் டக்' என்று அடிக்கும். அந்த 'டக்'குகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் களைந்து பாட்டை மீட்டார்கள். நம் வீடுகளில் உடைந்த தட்டை ஒட்டியா வைப்போம்? எங்கோ யாரோ ஒருத்தர் ஒட்டிவைத்த புண்ணியம்.

சரி, மீட்டாயிற்று. விற்பது எப்படி?

இங்கேதான் என்னுள் இருக்கும் பி.காம்.காரன் எழுந்து உட்காருகிறான். கடையில் விற்கிற அச்சு டிவிடி என்பது இட்லித்தட்டு வியாபாரம். முதலில் கண்ணாடியில் மாஸ்டர் செய்ய வேண்டும். அதிலிருந்து அச்சு. அச்சு வந்துவிட்டால் ஆயிரமோ பத்தாயிரமோ தட்டித் தள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு அற்பம். ஆனால் ஐம்பது பேர்தான் வாங்குவார்கள் என்றால் அந்த ஆரம்பச் செலவை ஐம்பதால் வகுக்க வேண்டும். கூடவே கோடவுன் வாடகை, டிஸ்ட்ரிப்யூட்டர் கமிஷன், விற்காமல் திரும்பி வரும் சரக்கு. 'காஸாபிளாங்கா'வுக்கு இந்தக் கணக்கு சரிப்படும். 1936-ல் எடுத்த ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் ஆர்கெஸ்ட்ராவின் பத்து நிமிஷத்துக்கு எந்த அக்கவுண்டன்ட் கையெழுத்துப் போடுவான்? நானே போடமாட்டேன்.

அதனால் என்ன செய்தார்கள்? துணுக்குகளை முழுநீளப் படங்களின் டிவிடியில் ஓரமாக ஒட்டவைத்தார்கள். பழைய இலவச இணைப்பே மறுபடியும். 'ஹல்லேலூயா' டிவிடியில் (2006) 'பை, பை, ப்ளாக்பேர்ட்' இருக்கும். 'தி ஜாஸ் சிங்கர்' மூன்று டிஸ்க் பெட்டியில் (2007) ஒரு டிஸ்க் முழுக்க வைட்டாஃபோன் துணுக்குகள்.

2009 மார்ச்சில் வார்னர் ஆர்க்கைவ் கலெக்‌ஷன் என்ற பெயரில் வேறு வழி பிறந்தது. சரக்கே வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் ஆர்டர் கொடுத்தால், அதன் பிறகு ஒரு டிவிடி-ஆர் எரித்து, உறை அச்சடித்து, அனுப்புவார்கள். ஆரம்பத்தில் நூற்றைம்பது படங்கள். ஒன்று 19.95 டாலர். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் ஊதா நிறம். பர்மா பஜாரில் டிஸ்க் வாங்கியவர்களுக்கு அந்த ஊதா பழக்கம்தான். திருட்டு டிஸ்க்காரர்கள் செய்த அதே வேலையை உரிமையாளரே செய்தார், அவ்வளவுதான். சோனி, எம்ஜிஎம், யுனிவர்சல் எல்லாம் இதே வழியில் இறங்கின.

இந்த வரிசையில் வந்ததுதான் பிக் பேண்ட், ஜாஸ், ஸ்விங் குறும்படத் தொகுப்பு. ஆறு டிஸ்க், அறுபதுக்கு மேல் படங்கள். பிறகு 'வைட்டாஃபோன் வெரைட்டீஸ்' என்று 1926-லிருந்து எடுத்த துணுக்குகளின் தொகுப்புகள். முதல் தடவையாகப் பொரியலே இலையின் நடுவில்.

ஆரம்பத்தில் அமெரிக்க முகவரிக்கு மட்டும்தான் அனுப்பினார்கள். எனவே நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா மகன் மாட்டினார்.

"ஏன்டா, இதுக்குப் போயா டாலர் டாலரா அழறே? யூடியூப்ல ஓசியிலேயே கிடக்குதே."

"அண்ணே, அதுல பாதி காப்பிக்குக் காப்பி. டிரம்பெட் வாசிச்சா கொசு கத்துற மாதிரி இருக்கு. டைட்டில் கார்டை வெட்டியிருக்கான். யார் வாசிக்கிறாங்கன்னே தெரியலை."

"தெரிஞ்சு என்னடா பண்ணப்போறே?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பின்னால் வருகிறது.

முதலில் சரக்கைப் பற்றி. அறுபதும் முத்து என்று நான் கற்பூரம் அடிக்கப்போவதில்லை. இருபது தேறும். மிச்சத்தில் பாதிக்கு அசட்டுக் கதை ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஓட்டல் மேனேஜர் வருவார், ஒரு ஜோக் அடிப்பார், அவரே சிரிப்பார். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள். இன்னும் சிலவற்றில் இருபது பேர் ஒரே மாதிரி கோட் போட்டுக்கொண்டு வங்கி கிளார்க்குகள் மாதிரி உட்கார்ந்து வாசிப்பார்கள். கேமராவும் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்கும்.

தேறுகிற இருபதில் ஜான் நெகுலெஸ்கோ 1940-களின் தொடக்கத்தில் எடுத்தவை தனி ஜாதி. ருமேனியாவில் பிறந்தவர், ஓவியர். கொடுத்த பட்ஜெட்டில் செட் போட முடியாது என்பதால் நிழலையே செட்டாக்கினார். கண்ணாடி, சாய்ந்த கோணம், சுவர் முழுக்க டிராம்போனின் ராட்சத நிழல். பின்னாளில் 'ஹௌ டு மேரி எ மில்லியனேர்' மாதிரி பெரிய பட்ஜெட் கலர் படங்கள் எடுத்து நிறையச் சம்பாதித்தார். என்னைக் கேட்டால் அந்தத் துணுக்குகளில் இருக்கும் பசி அந்தப் பெரிய படங்களில் இல்லை. 1939-ம் வருஷ 'சிம்பனி ஆஃப் ஸ்விங்'கில் ஆர்ட்டி ஷா குழு. டிரம்ஸில் பட்டி ரிச் என்ற இளைஞன். இருபத்திரண்டு வயதுகூட முடியவில்லை. கேமரா எங்கே திரும்பினாலும் நம் கண் அவன் கைக்குத்தான் போகிறது.

ஆனால் இந்தத் துணுக்குகளைச் சேர்ப்பதன் உண்மையான காரணம் வேறு.

அன்றைய ஹாலிவுட் முழுநீளப் படங்களில் கறுப்பினக் கலைஞர்கள் வந்தால் தனியாக ஒரு பாட்டுக்கு வருவார்கள். லீனா ஹார்ன் வந்து, தூணில் சாய்ந்து பாடி, போய்விடுவார். கதையோடு சம்பந்தம் இருக்காது. இருக்கக்கூடாது. ஏனென்றால் தென் மாநிலங்களில் அந்த ஒரு பாட்டைக் கத்தரித்துவிட்டுப் படத்தை ஓட்ட வேண்டும். கத்தரி விழும் இடத்தை முன்கூட்டியே தைத்துக் கொடுத்தார்கள்.

குறும்படத்தில் அந்த வசதி கிடையாது. பத்து நிமிஷமும் அவர்களுடையது. வேண்டாமென்றால் மொத்தத் துணுக்கையும் போடாமல் விடலாம். உள்ளே கைவைக்க முடியாது. யாருமே முக்கியம் என்று நினைக்காத இடம் என்பதால்தான் அவர்களுக்கு அது கிடைத்தது.

கிடைத்த இடத்தில் என்ன வேஷம்? அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 1932-ல் வந்த 'ஸ்மாஷ் யுவர் பேகேஜ்'. ஹார்லெமின் ஸ்மால்ஸ் பாரடைஸ் விடுதிக் கலைஞர்கள். அற்புதமான ஆட்டம். போட்டிருக்கும் உடுப்பு ரயில்வே போர்ட்டர். அதே வருஷம் வந்த 'பை, பை, ப்ளாக்பேர்ட்'. யூபி பிளேக் ஒரு பெரிய பியானோக் கலைஞர், இசையமைப்பாளர். அவரையும் அவர் குழுவையும் சமையல்காரக் குல்லாய் மாட்டி ஒரு ராட்சதப் பணியாரத்துக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். நிக்கலஸ் சகோதரர்கள் வந்து ஆடுகிறார்கள். இளையவன் ஹரால்டுக்குப் பதினோரு வயது. அவன் கால் தரையில் படுகிறதா இல்லையா என்று மூன்று தடவை ரீவைண்ட் செய்து பார்த்தேன். ஆட்டத்தின் சூட்டில் பணியாரம் கருக, குழு முழுக்க எலும்புக்கூடுகளாகி, எலும்புக்கூடுகளாகவே தொடர்ந்து வாசிக்கிறது.

சிரிப்பு வருகிறது. உடனே, சிரிக்கலாமா என்றும் வருகிறது.

1933-ல் 'ரூஃபஸ் ஜோன்ஸ் ஃபார் பிரசிடென்ட்'. எத்தல் வாட்டர்ஸ் தாய். பக்கத்து வீட்டுப் பையன்களோடு சண்டை போட்டு வரும் மகனை மடியில் போட்டுத் தேற்றுகிறாள். நீ ஒருநாள் ஜனாதிபதி ஆவாய் என்கிறாள். கனவில் ஆகியும் விடுகிறான். இரண்டு ரீல் முழுக்க அந்தக் கனவு. ஒரு கறுப்பினச் சிறுவன் அமெரிக்க ஜனாதிபதி ஆவது, 1933-ல் எடுத்தவர்களுக்கு உலகத்திலேயே பெரிய ஜோக். அந்த ஜோக்கைச் சுற்றி இனத்தைக் கிண்டல் செய்யும் மட்டமான வசனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நடுவில் அந்த ஏழு வயதுப் பையன் எழுந்து ஆடுகிறான். பாடுகிறான். கண்ணை எடுக்க முடியவில்லை. பெயர் சாமி டேவிஸ் ஜூனியர். பின்னாளில் அமெரிக்க மேடையையே ஆண்டவர். 2008 நவம்பரில் ஒபாமா ஜெயித்த இரவில், எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இந்த இருபது நிமிஷம் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்திருக்கும்?

'ஜாமின் தி ப்ளூஸ்' இந்த வேஷங்களையெல்லாம் கழற்றிப்போட்டது. போர்ட்டர் உடுப்பு இல்லை, குல்லாய் இல்லை. இசைக்கலைஞர்கள் இசைக்கலைஞர்களாகவே வருகிறார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். கிடார் வாசித்த பார்னி கெஸல் மட்டும் வெள்ளைக்காரர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் தெரிந்தால் தென் மாநில வியாபாரம் போய்விடுமே என்று ஸ்டூடியோவுக்குப் பயம். எனவே அவரை நிழலிலேயே நிறுத்தினார்கள். கையைக் க்ளோஸப்பில் காட்ட வேண்டியிருந்தபோது, பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்கள் என்று சொல்வார்கள். அடுத்த முறை பார்க்கும்போது அந்த நிழலைக் கவனியுங்கள். அழகுக்காகப் போட்டது என்றுதான் தோன்றும்.

இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யார் வாசிக்கிறார் என்று தெரிந்து என்ன பண்ணப்போகிறாய்?

இந்த விஷயமெல்லாம் தெரிந்தால்தான் அந்தக் கை ஏன் இருட்டில் இருக்கிறது என்று புரியும். அந்தப் பையன் யார் என்று தெரிந்தால்தான் ஜோக் யார் மேல் திரும்பியது என்று விளங்கும். ஆர்டர் டிஸ்க்குகளின் பெரிய குறை இங்கேதான். இந்த வரிசையில் பொதுவாக ஒரு சின்னக் கையேடுகூட இருக்காது. உறையின் பின்னால் படப் பெயர்கள், சில முக்கியப் பெயர்கள், முடிந்தது. டிராம்போனில் யார், அந்தப் பாட்டை எழுதியது யார், எந்த ஊரில் எடுத்தார்கள், மூச். முழுநீளப் படங்களில் இன்னும் மோசம். ஆரம்பகால டிஸ்க்குகளில் காட்சி எங்கே முடிகிறது என்றெல்லாம் பார்க்காமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு இடத்தில் சாப்டர் பிரித்திருந்தார்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர்கூட இன்னும் கொஞ்சம் அக்கறையாகக் கட்டுவார்.

செலவைக் குறைத்ததால்தான் டிஸ்க்கே வந்தது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்? உறையை எப்படியும் அச்சடிக்கிறீர்கள் அல்லவா?

இதற்கு நேரெதிர் உதாரணம் ஒன்று உண்டு. சவுண்டீஸ். 1940-லிருந்து 1946 வரை அமெரிக்க மதுக்கடைகளிலும் ஓட்டல்களிலும் பனோரம் என்று ஒரு பெட்டி நின்றது. சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி செய்தது. பத்து சென்ட் காசு போட்டால் மூன்று நிமிஷப் பாட்டுப் படம் ஓடும். பெட்டிக்குள் கண்ணாடிகள் வழியாகப் படம் திரைக்கு வருவதால், பிரதியையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அந்தப் பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டினால் எல்லா கிடார்காரர்களும் இடதுகைக்காரர்கள். ஒரு ரீலில் எட்டுப் பாட்டு. விசேஷம் என்னவென்றால், பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசையில் அடுத்து எதுவோ அதுதான். டியூக் எலிங்டனுக்காகக் காசு போட்டால் யோடலிங் பாடும் கௌபாய் வரலாம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். ரஜினி பாட்டுக்காக உட்கார்ந்தால் பாகவதர் வருவார். சலித்துக்கொண்டேதான் பார்ப்போம். பத்து வருஷம் கழித்து அந்தப் பாகவதர்தான் மனசில் நிற்பார்.

சவுண்டீஸ் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் எடுத்தார்கள். 2023-ல் கினோ லார்பர் நிறுவனம் அதில் இருநூறைத் தேர்ந்தெடுத்து நான்கு ப்ளூ-ரேயாக அச்சிட்டு வெளியிட்டது. தேர்ந்தெடுத்தவர் சூசன் டெல்சன், இந்தப் படங்களைப் பற்றிப் புத்தகமே எழுதிய ஆராய்ச்சியாளர். ஆய்வாளர்கள் வந்து, இதை ஏன் இப்போது பார்க்கிறீர்கள் என்று சொல்கிறார்கள். கசப்பான படங்களை ஒளித்து வைக்கவில்லை; அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். டாரத்தி டாண்ட்ரிட்ஜைத் தேடிப்போனவன் நான். கேள்விப்பட்டே இராத பெண்கள் குழுக்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆர்டர் டிஸ்க்கில் இந்த 'கேள்விப்பட்டே இராத' நடக்காது. பெயர் தெரிந்தால்தான் கேட்க முடியும். கேட்டால்தான் எரிப்பார்கள். யாரும் கேட்காமலே எல்லோர் முன்னாலும் ஓடியதுதான் இந்தத் துணுக்குகளின் பிறவிக் குணம். கேட்பவனுக்கு மட்டும் என்று ஆனதும் அது போய்விட்டது. என் பெரியப்பா மகனே இதற்குச் சாட்சி. 'ஹல்லேலூயா'வை அவர் வீட்டுக்கு வரவழைத்திருந்தேன். டிஸ்க் ஓடுகிறதா என்று சோதிக்கப் போட்டவர் எதையோ தட்டியிருக்கிறார். அவர் ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன். "டேய், எலும்புக்கூடெல்லாம் பியானோ வாசிக்குதுடா. யாருடா இவங்க?"

நம் பக்கமும் ஒரு துணுக்கு உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானபோது, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியின் குறத்தி நடனத்தைத் தனித் துணுக்காகக் கூடவே காட்டினார்கள். அங்கே மார்ட்டினெல்லி மாதிரி இங்கே ராஜலட்சுமி. 'காளிதாஸ்' படப்பிரதி இன்றைக்கு இல்லை. குறத்தியும் இல்லை. ஆயிரம் என்ன, பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஆர்டர் செய்யத் தயார். எரிக்க எதுவுமில்லை.

இருக்கிற டிஸ்க்குகளும் எவ்வளவு நாளைக்கு? டிவிடி-ஆரில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயில், சூடு, காலம் மூன்றும் அதற்கு ஆகாது. நம் ஊர் பீரோவுக்குள் மூன்றும் தாராளம். அச்சு டிஸ்க் அமரத்துவம் வாய்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 2025-ல் ஒரு அடி. 2006-லிருந்து 2008 வரை அச்சான சில டிவிடிகள் படிக்க முடியாமல் போகலாம் என்று வார்னர் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நான் மேலே சொன்ன இரண்டு அச்சு டிவிடிகளும் அந்த வருஷங்களில் வந்தவைதான். எது தப்பும் எது போகும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டிப் போட்டுப் பாருங்கள். ஓடினால் அன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது ஃபைல் பெயரில் வாசிப்பவர்கள் பெயரையும் சேர்த்து அடித்துவிடுங்கள். நான் அடிக்கிறேன். லெஸ்டர் யங், டெனர் சாக்ஸபோன். ஜோ ஜோன்ஸ், டிரம்ஸ். ரெட் காலெண்டர், பாஸ். நிழலில் கிடார், பார்னி கெஸல்.